பதினான்காம் தேதி இரண்டு கூட்டம்

மார்ச் 2

என் செல்ல வாலுவுக்கு,

அக்கா எழுதுவது. நீ அனுப்பிய உங்கள் கல்லூரியின் இந்த மாத நிகழ்ச்சித் தாளைத் தையல் மிஷினுக்கு நேரே சுவரில் ஒட்டியிருக்கிறேன். துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி ஊரையே திட்டம் போட்டுக் கட்டுற படிப்பு படிக்கிறா" என்று தம்பட்டம் அடிக்கிறேன். 'மக்கள் குரலுக்குச் செவிசாய்ப்பது எப்படி' என்று ஒரு சொற்பொழிவாமே! அதற்குமா வகுப்பு?

விஷயம் இதுதான். சாலையை அகலப்படுத்த நம் தெருக் கடை வரிசையை இடிக்கப் போகிறார்கள். கடையும் போகும், பின்னால் நாம் வளர்ந்த அறையும் போகும். பதினான்காம் தேதி நகரமைப்பு அலுவலகத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆட்சேபணை சொன்னால் மறுபடி அளந்து பார்ப்பார்களாம். நான்தான் வீட்டில் புலி, வெளியில் எலி ஆயிற்றே. நாலு பேருக்கு முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீ வந்து பேசு. ஒரே ஒரு நாள்.

உன் அக்கா

மார்ச் 5

அன்பு அக்காவுக்கு,

தாளை ஒட்டினாயே, முழுக்கப் படித்தாயா? அதே பதினான்காம் தேதி இங்கே மாதிரிக் கருத்துக் கேட்புக் கூட்டம். நாங்களே அதிகாரியாகவும் குடியிருப்பவராகவும் வேஷம் கட்டி வாதாட வேண்டும். நடுவராக ஒரு பெரிய அதிகாரி வருகிறார். பயிற்சி வேலைக்கு ஆள் எடுப்பதும் அன்றைக்குத்தான். விட்டால் ஒரு வருடம் போச்சு.

கோபிக்காதே. சொல்ல நினைப்பதை எழுதி அனுப்பு. மனுவாக்கித் தருகிறேன். நீட்டினால் போதும்.

உன் வாலு

மார்ச் 8

வாலுவுக்கு,

சரி, படிப்பைப் பார். எழுதிக்கொள்:

'பத்தொன்பது வருடமாக இந்த ஜன்னல் வெளிச்சத்தில்தான் ஊசியில் நூல் கோக்கிறேன். அப்பா அம்மா போன பிறகு தங்கையை இந்த மிஷின் சத்தத்தில்தான் தூங்க வைத்தேன். ரோடு வேண்டாமென்று சொல்லவில்லை. நாலடி எதிர்ப்பக்கம் தள்ளினால் காலி மனைதானே? ஒருத்தராவது வந்து நின்று பார்த்தீர்களா?'

மனு பதின்மூன்றுக்குள் வந்துவிடட்டும்.

அக்கா

மார்ச் 15

அக்கா! அக்கா!

முதல் பரிசு! யாராக நடித்தேன் சொல், பார்க்கலாம். 'தையற்காரி'. உன் கடிதத்தை ஒரு வரி மாற்றாமல் பேசினேன். மிஷின் சத்தம் என்று சொன்னதும் அரங்கமே எழுந்து கைதட்டியது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பயிற்சி வேலையும் அவரிடமே.

நம் தெருக் கோப்பும் அவர் கையில்தான் என்று பிறகுதான் தெரிந்தது. சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. முதல் நாளே சொந்தக் காரியம் பேசுகிறாள் என்று நினைத்துவிட்டால்? விட்டுவிட்டேன். ஒத்திகை அலைச்சலில் மனு எழுத முடியவில்லை, மன்னித்துவிடு. கூட்டத்தில் நீ எப்படியும் சமாளித்திருப்பாய். அடுத்த மாதத் தாளும் இதோடு இருக்கிறது.

உன் வாலு

மார்ச் 19

வாழ்த்துகள்.

பதின்மூன்றாம் தேதி மாலைவரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் வெறுங்கையோடு போனேன். அதிகாரியின் நாற்காலி காலி. "ஐயா ஏதோ காலேஜுக்கு விருந்தாளியாப் போயிருக்காரு" என்றார் உதவியாளர். அவரே பேர் கூப்பிட்டார். எழுந்து நின்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையாம்மா?" என்று கேட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

நான் சொல்ல வேண்டியதை, கேட்க வேண்டியவரிடம், அதே நாளில் சொல்லியிருக்கிறாய். அழுதும் இருக்கிறார். வயிறு எரிகிறதடி.

அடுத்த மாதத் தாளைப் படித்தேன். இந்த முறை முழுக்கப் படித்தேன். இருபத்திரண்டாம் தேதி 'சாலை விரிவாக்கப் பகுதிக்குக் களப்பயணம்'. நம் தெருதான். செருப்புப் போட்டுக்கொண்டு வா, செங்கல்லும் ஆணியுமாகக் கிடக்கும். பழைய தாளைச் சுவரிலேயே விட்டுவிட்டேன். சுவரோடு போகட்டும்.

எங்கே போகிறேன் என்று எழுதப் போவதில்லை. அக்கா ஞாபகம் வந்தால் எழுந்து நின்று என்னைப் போலவே பேசிக்கொள். நன்றாக வருகிறதாமே. கைதட்டவும் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
தையற்காரி