ளகரம் வரும் இடம்

மாணவர் விடுதி, மதுரை
4-3-1977

ஞானசிகாமணி சார் வீட்டு அம்மாவுக்கு, கம்பம் ஜெய்லானி சலாமுடன் எழுதுவது.

உங்கள் பெயர் தெரியாததால் இப்படி ஆரம்பிக்கிறேன், மன்னிக்கவும். சாரை அடக்கம் செய்த அன்று எங்களுக்குப் பரீட்சை. வர முடியவில்லை. நேரில் சொல்ல வேண்டியதைத் தபாலில் சொல்கிறேன்.

சார் எங்களுக்கு ஆங்கில ஒலியியல் எடுத்தார். நான் கடைசி பெஞ்சில் ஒளிந்திருந்ததால் என் பாடத்துக்குப் பெயர் ஒளியியல். ஆங்கிலத்தில் இல்லாத ஒலியைக் காட்ட, சார் நாக்கை மடித்து "சாராள்" என்பார். அறுபது பேரும் திருப்பிச் சொல்ல வேண்டும். "இங்கிலீஷ்காரன் இதைச் சேரான்னு ஆக்கிட்டான். கடைசி எழுத்தைத் தொலைச்சுட்டான் பாவி" என்பார். வேதப் புத்தகத்தில் வரும் அம்மாள் என்று நினைத்துக்கொண்டோம். ஒருநாள் அவர் "சாராள்" என்றதும் நான் பின்னாலிருந்து பெண் குரலில் "என்னங்க?" என்றேன். வகுப்பே உருண்டு சிரித்தது.

சார் திரும்பவே இல்லை. போர்டைப் பார்த்தபடி, "கம்பத்துக்காரன். ஆனா ஒங்கம்மா குமுளிக்கு அந்தப் பக்கம். என்ன, சரியா?" என்றார். ஒரே ஒரு "என்னங்க"வில்! அம்மா மலையாளக் கரை என்பது கல்யாணத் தரகர் என் அத்தாவிடமே மறைத்த சங்கதி. பிறகு, "நல்லாத்தான் கூப்பிட்ட. ஆனா அவ 'என்னங்க'ன்னு கூப்பிட மாட்டா" என்றார். அவர் சிரிப்பை அடக்கியது பின்னங்கழுத்திலேயே தெரிந்தது.

இன்னொரு நாள் விடுதியில் அவரைப் போலப் பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் அவரே நிற்கிறார். தொலைந்தேன் என்று நினைத்தால், "என் இங்கிலீஷ் அவ்வளவு லண்டன் இல்லப்பா. அடியில பழனிசெட்டிபட்டி கொஞ்சம் கெடக்கும், அதையும் சேரு" என்று திருத்தினார். சேர்த்தேன், அச்சு அசலாய் வந்தது. "சாராள்" மட்டும் வரவில்லை. "அது ஒனக்கு வராது, விட்டுரு" என்றார்.

அப்படி ஒரு காதை இனி எங்கே பார்ப்போம் அம்மா?

வாலை அவரிடம் மட்டும் சுருட்டிக்கொண்ட
ஜெய்லானி

பழனிசெட்டிபட்டி
11-3-1977

தம்பி ஜெய்லானிக்கு, தேவ சமாதானம் உன்னோடு இருக்கட்டும்.

பாத்திரக் கடையில் எடை போட்டுக்கொண்டே உன் கடிதத்தைப் படித்தேன். எடை தப்பிப்போனது.

அவுக திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனால் சனிக்கிழமைதான் வருவாக. "ஒரு நாளைக்கு வகுப்புல வந்து ஒக்காரட்டுமா?" என்று கேட்டால், "நீ வந்தா எனக்குப் பேச்சு நின்னுபோகும்" என்பாக. அவுக பாடம் நடத்தி நான் கேட்டதே இல்லை. வீட்டில் பேசியதெல்லாம் என்னிடம் இருக்கிறது. வகுப்பில் பேசியது உன் வாயில்தான் இருக்கிறது. லீவுக்கு ஊருக்குப் போகையில் தேனியில் இறங்கு. எனக்கு அவுக மாதிரி ஒரே ஒரு வகுப்பு எடு.

அவுக உன்னிடம் சொன்னது சரிதான். நான் "என்னங்க" என்று கூப்பிட்டதில்லை. "இங்கன பாருங்க" என்றுதான்.

அன்புடன்
சாராள்

மதுரை
15-3-1977

சாராள் அம்மாவுக்கு,

கடிதத்தின் அடியில் உங்கள் பெயரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அறைத் தோழன் தங்கபாண்டி, "என்னடா, தந்தியா?" என்றான். காட்டினேன். அவனும் எழுந்து நின்றான்.

எத்தனை வருஷம், வருஷத்துக்கு எத்தனை பேர்! உங்கள் பேரைச் சொல்லித்தானம்மா நாங்கள் எல்லாரும் பிழைத்திருக்கிறோம். இங்கிலீஷ்காரனிடம் இல்லாதது எது என்று சார் காட்டியது உங்களைத்தான்.

ஆனால் நான் வரமாட்டேன். கோபிக்காதீர்கள். சார் குரலில் எல்லாம் வருகிறது, அந்தப் பெயர் மட்டும் வரவில்லை. ஏன் வராது என்றார் என்பது இப்போதுதான் விளங்குகிறது. உங்கள் முன்னால் நான் அதைச் சொல்லி, அது அவராக இல்லாமல் போனால்? ஊரையே ஏய்த்த வாய்க்கு முதல்முறையாகப் பயம் வந்திருக்கிறது.

ஜெய்லானி

பழனிசெட்டிபட்டி
19-3-1977

தம்பி,

பயப்படாமல் வா. அன்றைக்குக் கடைக்கு லீவு. கடைசி பெஞ்சில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

அவுக மாதிரியே பாடம் நடத்து. அந்தச் சொல் வரும் இடத்தில் மட்டும் நாக்கை மடித்து அப்படியே நிறுத்திக்கொள். நீ சொல்ல வேண்டாம், எனக்குக் கேட்கும்.

பின்னாலிருந்து "இங்கன பாருங்க" என்று ஒரு சத்தம் வந்தால், அவுக நின்ற மாதிரியே போர்டைப் பார்த்தபடி நில். திரும்பிவிடாதே.

சாராள்