ஏறுகிற வண்டிக்கு வழி

20-1-2003, திங்கள். செம்மேடு

பனி. ஏழு மணிக்கும் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. கார்த்திகையில் மலை வளைவில் பிரேக் பிடிக்காமல் பஸ்ஸைப் பாறையில் சாத்தி நிறுத்தினேன். ஒருத்தருக்கும் கீறல் இல்லை. வேறு எவனாவது நிறுத்தியிருப்பானா? ஆனால் அன்றிலிருந்து வளைவைக் கண்டாலே கை நடுக்கம்.

போன வாரம் ஓட்டிப் பார்த்தேன். மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவன் ஒதுங்க வேண்டும். நான் ஏறிக்கொண்டே வளைவுக்கு வளைவு ஒதுங்கி நின்றேன். பின்னால் ஏழு வண்டி ஹாரன். பதினெட்டு வருட சர்வீஸுக்கு இந்த மரியாதை.

முதலாளி: "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். முடியலீன்னா ஷெட்டுல டயர் பாத்துக்க."

21-1, செவ்வாய். நாமக்கல்

மூளை டாக்டர். ஸ்கேன் சுத்தம். கொஞ்சம் ஏமாற்றம்கூட. மண்டைக்குள் பயத்துக்கென்று ஒரு இடமாம், நாம் யோசிக்கும் முன்பே கையை ஆட்டிவிடுமாம். பக்கத்து அறைக்கு அனுப்பினார், பேசியே வைத்தியம் பண்ணுகிற அம்மாவிடம்.

கேட்டே விட்டேன். "ஏனுங்க, கோளாறு மூளையிலன்னா பேசி என்னங்க ஆகும்?"

"கியர் மாத்தறப்ப யோசிச்சா மாத்தறீங்க?"

"இல்லீங்க."

"மூளை பழகிக்கிச்சு. பயத்தையும் அப்படித்தானுங்க பழகியிருக்கு. நிக்கறப்பல்லாம், நின்னதாலதான் பொழச்சோம்னு கத்துக்குது. நிக்காம போனாத்தான் வேற பாடம் படிக்கும்."

மெக்கானிக் பேச்சு. பிடித்துப்போயிற்று.

வீட்டுப்பாடம்: காலி பஸ். பக்கத்தில் இன்னொரு டிரைவர். வளைவுக்கு ஒரு ஹாரன். நிற்கக் கூடாது. நடுங்கினால் நடுங்கட்டும்.

23-1, வியாழன்

டிரைவர் பழனி கூட வந்தான். பன்னிரண்டு வளைவு சரி. பதின்மூன்றில் நின்றுவிட்டேன். அழுகை. பழனி வெளியே பார்த்துக்கொண்டிருந்தான், நல்லவன். "அண்ணா, அடிவாரத்துக்கு, காரவள்ளிக்கே போயி மொதல்ல இருந்து வரலாங்க."

மூன்றாவது தடவை எழுபது வளைவும் நிற்காமல் ஏறினேன். நாற்பதுக்கு மேல் நெஞ்சடிப்பு தானாக அடங்கியது. நான் அடக்கவில்லை.

ராத்திரி இரண்டு தட்டு சோறு.

26-1, ஞாயிறு

லீவு நாள், கூட்டம். காரவள்ளியில் ஏறினார் முதலாளி, முன் சீட்டு. அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரி பாப்பாத்தி. பாறையில் சாத்திய அன்றும் பஸ்ஸில் இருந்தவள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முப்பத்தாறாவது வளைவு. மேலேயிருந்து மரவள்ளி லாரி. ஒரு ஹாரன். கை நடுங்கியது. போனேன். லாரிக்காரன் ஒதுங்கி நின்று கையைத் தூக்கினான்.

முதலாளி: "நாளைக்கு மொத ட்ரிப் எடுத்துக்க."

இந்த மலையில் என்னைப் போல ஓட்ட ஆள் கிடையாது. என் நோட்டு, நான் எழுதுவேன்.

ஐம்பது தாண்டிக் கண்ணாடியில் பார்த்தேன். பாப்பாத்தி கம்பியை விட்டுவிட்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.