உருவக் கூடாத டிஸ்க்

முனீரா,

ஸ்டோர் ரூமில் இருக்கும் சர்வரை இன்று மாலை வரை யாரும் அணைக்கக் கூடாது. பத்து மணிக்கு ஏர்கான் கழுவ ஆள் வருவார். மெயின் சுவிட்சில் கை வைக்க விடாதே. ஏர்கானுக்குத் தனி சுவிட்ச் இருக்கிறது, காட்டு.

பழுதான டிஸ்க்கை மாற்றத்தான் விடியுமுன் உட்கார்ந்தேன். நான்கு டிஸ்க்கையும் சேர்த்து நடத்தும் ரெய்ட் கார்டு அவற்றைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். நான் ஒன்றிலிருந்து எண்ணி, நல்ல டிஸ்க்கை உருவிவிட்டேன். நான்கில் ஒன்று போனால் தாங்கும். இரண்டு போனால் நீ வாடிக்கையாளர்களுக்கு எடுத்த கல்யாணப் படங்கள் மொத்தமும் போய்விடும். உடனே திரும்பச் செருகினேன், நல்லவேளை, சர்வர் எழுந்துகொண்டது. பிறகுதான் பழுதானதை எடுத்துப் புதியதைப் போட்டேன். இப்போது புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறது.

“செகண்ட் ஹேண்ட் சாமான் லா, தனியா ஒரு காப்பி வைங்க மச்சான்” என்று இந்த சர்வரை வாங்கிய அன்று நீ சொன்னபோது சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

இடியாப்பம் மூடி வைத்திருக்கிறேன். சொதியைச் சூடு பண்ணிக்கொள்.

திரையில் 41 சதவீதம். மணிக்கொரு தடவை அந்த எண்ணை மட்டும் அனுப்பு. திட்டுவதை நேரில் திட்டு.

உமைர்

லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்து பார்த்தேன். 42. உன்னை எழுப்பிச் சொல்லலாம் என்று அறைக் கதவு வரை வந்தேன். தைரியம் வரவில்லை.