அரைப்புள்ளிக்குப் பின்னால் இருந்த கட்டளை

திங்கள், 16
மூன்றாம் நாளும் மூட்டம். பண்ணையில் மூன்றாம் இறால் குளத்துத் தண்ணீருக்குக் காற்றூட்டும் சக்கரங்களை ஓட்டும் பெட்டிக்குப் புதிய புரோகிராம் ஏற்றினேன். அதன் பழைய கோட், மிசின் மொழிக்கு மாற்றும் வேறொரு அசெம்ப்ளருக்கு எழுதியது. கூட்டல், பெருக்கல் போன்ற ஒப்பரேட்டர்களில் எதை முதலில் பார்ப்பது என்பதே இரண்டிலும் வேறு. எல்லாவற்றுக்கும் அடைப்புக்குறி போட்டேன். அரைப்புள்ளி வைத்த குறிப்பு வரிகள் சில பிழை காட்டின. காட்டியதை அழித்தேன். பிழை பூச்சியம். பெட்டியைப் பூட்டித் திறப்பை எடுத்து வந்தேன். கண்டவனும் கை வைக்கக் கூடாது.
சவர்க்காரம், பற்றரி வாங்க.

செவ்வாய், 17
விடிய மூன்றாம் குளம் முழுக்க இறால் செத்து மிதக்கிறது. நாற்றம். போனில் காவலாளி ஜெமீல் நானாவின் ஆறு மிஸ்ட் கோல். சைலண்டில் வைத்துத் தூங்கிவிட்டேன்.
நானா: "சக்கரம் சுத்தின உடனே தன்னால நிண்டிச்சி. பெட்டியும் பூட்டு. வல்லாஹி நான் கண் மூடல்ல."
முதலாளி ஹாஜியார்: "கண் மூடாமத்தான் இவ்வளவும் மௌத்தாப் போச்சா?" வேலையாட்கள் சிரித்தார்கள்.
என்னிடம்: "தம்பி, மிசின்ல பிழையா?"
"பிழை பூச்சியம்" என்றேன்.
நானாவை ஹாஜியார் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நானா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். ஏறவில்லை.

புதன், 18
வரி வரியாகப் பார்த்தேன். பழைய அசெம்ப்ளருக்கு அரைப்புள்ளி என்றால்: பின்னால் குறிப்பு, படிக்காதே. புதியதற்கு: ஒரு கட்டளை முடிந்தது, அடுத்ததைப் படி. விளக்க வரிகள் கட்டளையில்லை, அதனால் பிழை காட்டின. ஆனால் 'சக்கரத்தை நிறுத்து' என்ற கட்டளையை யாரோ முன்பு அரைப்புள்ளி போட்டு முடக்கி வைத்திருக்கிறான். ஒழுங்கான கட்டளை. பிழை காட்டாமலே உயிர் பெற்றுவிட்டது. தண்ணீரில் ஒட்சிசன் குறைந்தால் மட்டும் ஓடும் பகுதி. வெயில் இல்லாத மூட்டத்தில் அது குறைந்தது, சக்கரம் சுற்றியது, உடனே நின்றது. நானா சொன்னது அப்படியே.
திருத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழன், 19
மாம்புரி, நானா வீடு. மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். புரோகிராமை விளக்கத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினார்.
"அது எனக்கு வேணாம். நான் தூங்கல்லண்டு எனக்குத் தெரியுந்தானே. மதுரங்குளி ஊர் வரைக்கும் கதை போயிருக்கு, ஜெமீல் தூங்கிட்டாண்டு."
"ஹாஜியார்கிட்ட சொல்றன் நானா."
"தனியாவா? என்னைய எல்லாருக்கும் முன்னாலதானே ஏசின. நாளைக்கு ஜும்ஆ தொழுகை முடிஞ்சி பள்ளி வாசல்ல எல்லாரும் நிப்பாங்க. அங்க சொல்லு."
தேத்தண்ணீர் தந்தார். குடித்தேன்.

வெள்ளி, 20
வெயில், இப்போது. என்ன சொல்வதென்று எழுதிப் பார்த்தேன். அசெம்ப்ளர், அரைப்புள்ளி, மூட்டம். எல்லாம் வெட்டினேன். மிச்சம்: ஜெமீல் நானா விழித்திருந்தார். தூங்கியது நான்.
பள்ளியில் பாங்கு சொல்கிறார்கள். தொப்பியைக் காணவில்லை.