நீ 'ப்ரிடெண்ட்' செய்த நாள்

காலையில் காந்தி மார்க்கெட் வாழை மண்டிக்குப் போயிருந்தேன். வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்த லாரிக்குப் பக்கத்தில் வெட்டுப்பட்ட காம்புகளின் வாழைப்பால் வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. அந்த வாடையில் நீயும் நானும் ஐந்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம், வாழைக்கு வரும் வாடல் நோயைப் பற்றி ஆராய்ச்சி என்ற பெயரில். பக்கத்தில் இரண்டு வியாபாரிகள் மல்லுக்கு நின்றார்கள். "காய் இன்னும் முத்தலைங்க" என்றார் ஒருவர். "சும்மா ஆர்க்யூ பண்ணாதீங்கண்ணே!" என்று அடுத்தவர் எரிந்து விழுந்தார். நான் நடுச்சந்தையில் நின்று சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். நமக்குள் பேச்செல்லாம் இங்கிலீஷில் நடந்தது. உன் இங்கிலீஷ் பிரெஞ்சிலிருந்து வந்தது, என்னுடையது ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவோ விழுந்து போயிருக்கும். இப்போது நீ படிக்கப் போவதில்லை என்பதால் எனக்கு வந்த மொழியில் நிம்மதியாகப் பேசுகிறேன்.

டோகோவிலிருந்து நீ வந்து இறங்கிய முதல் வாரமே வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாய், நினைவிருக்கிறதா? "ஃபேன் ஓடுற ரூம் ஒண்ணு டிமாண்ட் பண்றேன்" என்று பவ்யமாகக் கைகட்டிச் சொன்னாயாம். உங்கள் ஊர் பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் கேட்கிறேன் என்று மட்டும்தான் அர்த்தமாம். வார்டனுக்கு அது தெரியுமா? மனுஷர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். தமிழில் மட்டும் உன்னை யாரும் குறை சொல்ல முடியாது. கற்றுக்கொண்டதே வாங்க, சொல்லுங்க, உக்காருங்க என்பதுதான். ஹாஸ்டல் வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூட "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்பாய். ஒரே வயதானாலும் என்னை அக்கா என்பாய்.

உன் பிஎச்.டி. வைவா நெருங்கியபோதுதான் எனக்குக் கதி கலங்கியது. முக்கொம்புக்கு அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வாடல் நோய் வாய்க்கால் தண்ணீரில் வரவில்லை, விலைக்கு வாங்கிய கன்றின் கிழங்கிலேயே வந்துவிட்டது என்பது உன் முடிவு. தண்ணீரில்தான் வருகிறது என்று காலமெல்லாம் எழுதி வந்தவரே உன் தேர்வாளராக வரப்போகிறார். உன் உதவித்தொகை முடிந்துவிட்டது, விசாவும் முடியப்போகிறது. திருப்பி எழுதிக் கொடு என்று அவர் சொல்லிவிட்டால் நீ வெறுங்கையோடு விமானம் ஏற வேண்டியதுதான்.

முக்கொம்புப் பூங்காவில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். நான்தான் தேர்வாளர். நீ முழுவதும் பேசி முடித்தாய். "நல்லா இருக்கு" என்றேன்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நல்லா இருக்கு."

உனக்கு முகம் சுண்டிவிட்டது. "அக்கா, நீங்க என்னை மதிக்கலை. மதிச்சிருந்தா ஒரு இடத்துலயாவது மறுத்திருப்பீங்க" என்றாய்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் எதிர்த்துப் பேசாமல் இருப்பதற்குப் பெயர்தான் மரியாதை. "பெரியவா பேசறச்சே என்ன பதில் வேண்டிக் கெடக்கு?" என்று அப்பா ஒரு அதட்டல் போட்டால் நாங்கள் எல்லோரும் கப்சிப். ஆர்க்யுமெண்ட் என்றால் சண்டை என்றுதான் எனக்குத் தெரியும். நீதான் சிரித்துக்கொண்டே சொன்னாய், பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் காரணம் என்று பொருள் என்று. "அதை ஒருத்தருக்குக் குடுப்போம், எங்க ஊர்ல. கையில காப்பி குடுக்கற மாதிரி" என்றாய். அடப்பாவி, இத்தனை படிப்பு படித்து, காரணத்தை ஒரு மனிதருக்குக் கொடுக்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அதன் பிறகு மறுத்தேன், தயங்கித் தயங்கி. நீ சொற்களைப் பொறுக்கிப் பழகினாய். ஒத்துக்கொள்கிறேன் என்பதற்கு ஒரு சொல், இதுவரை சரி என்பதற்கு ஒன்று, இருந்தாலும் என்பதற்கு ஒன்று. நெவர்தெலெஸ் என்ற சொல் கிடைத்ததும் உனக்குக் கால் தரையில் பாவவில்லை. மெஸ்ஸில் "சாம்பார்ல உப்பு கரிக்குது, நெவர்தெலெஸ் இன்னும் ஊத்துங்க" என்றாயே! ஒரே ஒரு சொல்லை மட்டும் என்னால் உன் நாக்கிலிருந்து பிடுங்க முடியவில்லை. 'ப்ரிடெண்ட்' பண்ணுகிறேன் என்றால் உனக்கு, துணிந்து சொல்கிறேன் என்று அர்த்தம். இங்கிலீஷில் அது நடிப்பது. "அய்யோ, அதை மட்டும் சொல்லித் தொலைச்சிடாதே" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சொல்லித் தொலைத்தாய். வைவா தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, கூடம் நிறைய ஆட்கள் இருக்க, நிமிர்ந்து நின்று, நோய் தண்ணீரில் வரவில்லை என்று 'ப்ரிடெண்ட்' பண்ணுகிறேன் என்றாய். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "ஓ, இவ்வளவு நேரமும் நடிப்புதானா?" என்றார். கூடமே கொல்லென்று சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நானாக இருந்தால் ஸாரி சார் என்று நாலு தடவை சொல்லி உட்கார்ந்திருப்பேன்.

நீ சிரிப்பு அடங்கும்வரை நின்றாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "என் மொழியில அந்தச் சொல்லுக்கு வேற பொருள் சார். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கறேன். சொன்னதை எடுத்துக்க மாட்டேன்."

தேர்வாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் விடவில்லை. வாய்க்கால் ஓரத் தோட்டங்கள் வாடியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். பார்த்தது உண்மை, ஒத்துக்கொள்கிறேன் என்றாய் நீ. இருந்தாலும் வாய்க்கால் தண்ணீரே ஏறாத மேட்டுத் தோட்டங்கள், போர்வெல்லை மட்டும் நம்பியவை, முதலில் வாடினவே. அவை எல்லாவற்றுக்கும் கன்று ஒரே இடத்திலிருந்து வந்ததே என்றாய். நோய் ஆட்களின் காலில் ஒட்டிய மண்ணோடு வந்திருக்கலாமே என்று கேட்டார். "வந்திருக்கலாம் சார். என் ஆதாரம் அதுவரைக்கும் போகல. அதனால நானும் அங்கேயே நின்னுக்கறேன்" என்றாய். எனக்குப் புல்லரித்துவிட்டது. பிறந்த மொழியும் இல்லை, பள்ளியில் படித்த பிரெஞ்சும் இல்லை, கடன் வாங்கிய ஒரு மொழியில் நின்றுகொண்டு, எங்கே விட்டுக்கொடுப்பது எங்கே விடாமல் இருப்பது என்று இவ்வளவு துல்லியமாக ஒரு மனிதனுக்குத் தெரியுமா! கடைசியில் அவர், "நான் இன்னும் ஒத்துக்கலை. ஆனா இவருக்குப் பட்டம் குடுக்கணும்" என்றார். கைதட்டியவர்களில் சற்று முன் சிரித்தவர்களும் இருந்தார்கள்.

நீ ஊருக்குப் போன பிறகு எனக்கும் ஒரு நாள் வந்தது. ஆராய்ச்சியை விட்டுவிடு என்றார் அப்பா. "உங்களுக்கு என்ன கவலைன்னு புரியறது அப்பா. இருந்தாலும் நான் ஒத்துக்கலை, ஏன்னு சொல்றேன்" என்றேன். அப்பா ஊஞ்சலை நிறுத்தி, "சொல்லு" என்றார். முழுவதும் கேட்டார். என் வாழ்க்கையில் நான் பேசி அவர் கேட்ட முதல் நாள் அது.

போன மழைக்காலத்தில் உன் தங்கை எழுதினாள், காய்ச்சலில் போய்விட்டாய் என்று. அதற்குக் கொஞ்சம் முன்பு நீ எனக்கு அனுப்பிய செய்தி இன்னும் போனில் இருக்கிறது. 'எவென்ச்சுவலி' ஸ்ரீரங்கம் வருவேன் என்று எழுதியிருந்தாய். இங்கிலீஷில் அதற்கு, என்றானாலும் கடைசியில் கட்டாயம் வருவேன் என்று பொருள். நான் அப்படித்தான் படித்தேன். நீ போன பிறகு அகராதியைப் புரட்டினேன். உன் பிரெஞ்சில் அதே சொல்லுக்கு, வந்தாலும் வரலாம் என்று பொருளாம். இந்த ஒரு சொல் நம் பேச்சில் வரவே இல்லை, நாம் திருத்தவும் இல்லை. நீ எந்த மொழியில் நினைத்து எழுதினாய் என்று கேட்க இப்போது யார் இருக்கிறார்கள்?

என் கட்சி இதுதான்: நீ கட்டாயம் வருவதாகத்தான் எழுதினாய். காரணம் தருகிறேன். அதே செய்தியில், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் இன்னும் கோயில் வரைக்கும் போகிறதா என்று கேட்டிருந்தாய். வந்தாலும் வரலாம் என்கிறவன் பஸ்ஸைப் பற்றி விசாரிக்க மாட்டான். இது ஆதாரம் இல்லை, ஆசை என்று நீ சொல்லக்கூடும். சொல்லேன். குறுக்கே பேசு, எவ்வளவு வேண்டுமானாலும் மறுத்துப் பேசு. நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.