மில்லுக்குள் காற்று வந்துவிட்டது, அண்ணா

என் அருமை அண்ணா,

நீ போய் இரண்டு ஆவணி கடந்துவிட்டது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. நல்ல சேதி வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை, இனி வராது. ஆகவே கெட்ட சேதியையே எழுதுகிறேன். பத்திரிகையில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஊரும் படிக்கட்டும்.

மில்லின் வடக்குக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டார்கள்.

உனக்குத் தெரிந்ததைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆம்பூருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டி நிற்கும் நம் துணி மில்லின் கூரை ரம்பத்தின் பல்லைப் போல இருக்கும். பதினோரு பல். ஒவ்வொன்றின் செங்குத்தான பக்கமும் கண்ணாடி. எல்லாம் வடக்கு பார்த்தவை. வெயில் நேராக உள்ளே விழாது, வெளிச்சம் மட்டும் இறங்கும். தறியில் ஓர் இழை அறுந்தாலும் கண்ணில் படும். சுவரில் ஜன்னலே கிடையாது. காற்று புகுந்தால் நூல் உலர்ந்து அறுந்துவிடும் என்பதால், காற்றைத் தடுப்பதற்கென்றே கட்டிய கட்டடம் அது. இதை எத்தனை முறை எனக்குச் சொல்லியிருப்பாய்! ஒரு முறையாவது நான் முழுதாகக் காதில் வாங்கினேனா?

நீ அங்கே கட்டட மேஸ்திரி. யுத்த காலத்தில், வெளிச்சத்தைக் கண்டு விமானம் குண்டு போடும் என்று கண்ணாடிக்கெல்லாம் தார் பூசச் சொன்னார்கள். பூசினாய். யுத்தம் முடிந்ததும் ஆறு மாதம் கூரையிலேயே கிடந்து பிளேடால் சுரண்டினாய். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தகரம் அடிக்கலாம் என்ற மானேஜரிடம், "இது மாதிரி கண்ணாடி இனிமே கெடைக்காது சார், நான் பாத்துக்கறேன்" என்றாயாம். அந்த மானேஜர் உன்னை ஒரு நாளும் உட்காரச் சொன்னதில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

அந்தக் கூலியில்தான் என்னை வேலூருக்கு அனுப்பிப் படிக்க வைத்தாய். சரித்திர வாத்தியாராகத் திரும்பி வந்தேன். தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் தெருவைக் கடக்கும்போதெல்லாம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வேன். உனக்குச் சிரிப்புத் தாங்காது. "பார்றா, தொர கர்ச்சீப்ப எடுத்துட்டாரு! ஊரே இந்த நாத்தத்துலதாண்டா சோறு துன்னுது" என்பாய். ஆனால் அடுத்த தீபாவளிக்கு நீயே அரை டஜன் கைக்குட்டை வாங்கித் தந்தாய். உனக்கு உள்ளூரப் பெருமைதான். அதற்காக உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அண்ணா.

மில்லை மூடிய வருடமே நீயும் படுத்துக்கொண்டாய். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "அந்தக் கண்ணாடி மேல கை வைக்க வுடாதடா. நீ படிச்சவன். எழுதிப் போடு, கேப்பாங்க" என்றாய். சரி என்று தலையாட்டினேன்.

எழுதினேன். பழைய கட்டடங்களைக் காக்கும் இலாகாவுக்கு ஒன்பது மனு. கடைசியில் ஓர் அதிகாரி வந்தார், வேலூர்க் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போகிற வழியில். வாசலோடு நின்று, "எந்த ராஜா கட்டினது?" என்றார். ராஜா இல்லை, கம்பெனி என்றேன். "உள்ள சாமி கீமி இருக்கா?" இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு சார் காப்பாத்தணும்?" இத்தனை படித்தும் நான் மனுவின் நகலைத்தான் நீட்டினேன். நீயாக இருந்தால் அந்த ஆளைக் கூரைமேல் ஏற்றிக் காட்டியிருப்பாய்.

இதற்குள் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு பழைய இரும்பு வியாபாரி, மில்லின் தூண்களுக்கு விலை பேச வந்துவிட்டான். பயந்துபோனேன். இஸ்மாயில் சாயபு இன்னொரு தோல் ஷாப்புக்கு இடம் தேடுவதாகக் கேள்விப்பட்டு அவர் வீட்டுப் படியேறினேன். மில்லை வாங்குங்கள், இடிக்க மட்டும் இடிக்காதீர்கள் என்று கெஞ்சினேன். ஆள் நல்லவர். "பேஜார் ஆவாதீங்க வாத்தியார் சார். இடிக்கிறதுக்கா வாங்குறேன்?" என்றார். வாங்கினார். ஆள் புழங்கும் கட்டடம் விழாது என்று நினைத்தேன். உன் படத்துக்கு முன்னால் நின்று, காப்பாற்றிவிட்டேன் என்று சொன்னேன்.

மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். தெற்குச் சுவரில் ஆள் உயரத்துக்கு வரிசையாகத் திறப்புகள். மேலே கண்ணாடி இருந்த இடத்தில் மூங்கில் தட்டி. தறிகள் நின்ற இடமெல்லாம் தோல் தொங்கி ஆடியது. என்னையறியாமல் கத்திவிட்டேன்.

சாயபு நிஜமாகவே திகைத்துப்போனார். "இன்னா சார், இப்டி கத்துறீங்க? தோலு நெழல்ல காயணும், காத்துல காயணும். காத்து கம்மியாச்சின்னா பூஞ்சக்காளான் புடிச்சிடும். இந்த ஊர்ல கொழந்தைக்குக் கூடத் தெரியுமே! ஒங்களுக்குத் தெரியும்னுதானே நெனச்சேன்?"

எனக்குத் தெரியாது, அண்ணா. பிறந்ததிலிருந்து இதே ஊர். ஒரு தோல் எப்படிக் காய்கிறது என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. காற்றை உள்ளே விடாத கட்டடத்தை, காற்றை நம்பிப் பிழைக்கிறவரிடம் நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். தெரிந்திருந்தால், மூட்டை அடுக்க மட்டும் இடம் கேட்கும் நெல் மண்டிக்காரர் யாரையாவது தேடியிருப்பேன். அப்படி ஒருவர் கிடைத்திருப்பாரா?

வடக்குக் கோடியில் ஒரே ஒரு பல்லில் மட்டும் உன் கண்ணாடி மிச்சமிருக்கிறது. என் மனுக்களால் அல்ல. அதன் கீழே தாவூத் என்பவர் உட்கார்ந்து, காய்ந்த தோலைத் தரம் பிரிக்கிறார். அவர்தான் அதை எடுக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தாராம்.

"இந்த வெளிச்சத்துல தோலு பொய் சொல்லாது சார்" என்றார். "கீறல், உண்ணிக் கடி, எல்லாம் காட்டிக் குடுத்துடும். அங்க மூலைல பாருங்க, பிளேடு கோடு தெரியுதா? எவனோ குந்திக்கினு ஒண்ணொண்ணா சொரண்டிகீறான். பொறுமைக்காரன். யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

எங்கள் அண்ணன் என்று சொல்லியிருக்க வேண்டும். கைக்குட்டை என் மூக்கின் மேல் இருந்தது. தெரியாது என்று தலையசைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பொங்கலுக்கு அப்புறம் அங்கே டியூப்லைட் போடப்போகிறார்கள். பிறகு அந்தக் கண்ணாடியும் யாருக்கும் வேண்டியிராது. இனி மனு எழுதமாட்டேன். காப்பாற்றுகிறேன் என்று உன்னிடம் இன்னொரு பொய்யும் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் செய்கிறேன். டியூப்லைட் வருவதற்குள் ஒரு நாள், நீ வாங்கித் தந்த கைக்குட்டைகளையெல்லாம் வீட்டில் வைத்துவிட்டு அந்தத் தெரு வழியே நடந்து போய், தாவூத்திடம் உன் பெயரைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
நீ கூரைமேல் கிடந்து படிக்க வைத்த
உன் தம்பி