சித்தப்பா கொண்டு வந்த திராட்சை

அன்பு மகனுக்கு அம்மா எழுதறது. நீ அங்க வேளைக்குச் சாப்பிட்டு, நிம்மதியா தூங்கி, தெம்பா இருக்கணும். இங்க எல்லாரும் எழுந்து நடமாடறோம், அதுக்கு மேல நல்லா இருக்கோம்னு எழுத எனக்கு இப்ப தைரியம் இல்ல.

உன் அக்கா மகள் குட்டி பிழைச்சுட்டா, அதை முதல்ல சொல்லிடறேன். அவளுக்குப் பிடிக்குமேன்னு உன் சித்தப்பா தன் தோட்டத்துத் திராட்சையை ஒரு பெட்டி அவரே சுமந்துட்டு வந்தார். குட்டி உட்கார்ந்த இடத்துலயே ஒரு கொத்தை முடிச்சா. சாயங்காலம் வாந்தி, வாயில எச்சில் ஒழுகுது, கண்ணு சொருகுது. ஆஸ்பத்திரி வராந்தாவுல உன் அக்கா சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னது இன்னும் என் கண்ணை விட்டுப் போகல. குட்டி கண்ணு முழிச்சதும் மிச்சத் திராட்சையை நான் வேலை பார்க்கிற பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துட்டுப் போனேன். முன்னெல்லாம் அரைச்ச பழத்துல இருந்து பூச்சிமருந்தைப் பிரிக்க நாங்க ஊத்தற திரவம் தொண்டையை அறுக்கும், தலையை இடிக்கும், அதுவே பாதி விஷம். இப்ப அதுக்குப் பதிலா மெந்தால்னு சொல்ற புதினா உப்பையும் ஒரு அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கி எண்ணெய் மாதிரி ஒண்ணு செய்யறோம், பழத்துல இருக்கிற மருந்தை அது தனக்குள்ள இழுத்துக்கும், ஆளுக்குக் கெடுதல் கம்மி. இப்பதான் உன் மேல மனுஷ வாசனை அடிக்குதுன்னு அப்பா கேலி பண்றார். அன்னிக்கும் அதை ஊத்தித்தான் திராட்சையைச் சோதிச்சேன். மெஷின்ல கோடு மலை மாதிரி எழும்பி நின்னுச்சு, பூச்சிமருந்து அவ்வளவு இருக்குன்னு அர்த்தம். எங்க மேடம் நம்பல, புதுத் திரவமாச்சே, பழைய முறையிலயும் பார்த்துடலாம்னாங்க. பார்த்தோம், அதேதான். பழத்துல அடிக்கவே கூடாதுன்னு தடை பண்ணின மருந்து.

சித்தப்பாகிட்ட நானே சொன்னேன். சண்டைக்கு வருவார்னு கதிகலங்கிப் போயிருந்தேன். அவர், கடைக்காரன் நல்ல மருந்துன்னு கொடுத்தான் அண்ணி, வெறுங்கையாலதான் கலந்து அடிச்சேன், நானும் பறிச்சுத் தின்னேன்னு மெதுவா சொன்னார். அப்பதான் பார்த்தேன், டம்ளர் அவர் கையில நிக்காம ஆடுது. வயசாயிடுச்சுன்னு நாங்க சிரிச்சுக்கிட்டிருந்த நடுக்கம்டா அது. தோட்டத்துல இருந்த பழத்தையெல்லாம் ஒரு கொத்துகூட விக்காம குழி தோண்டிப் புதைச்சுட்டார். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கார், முடிவு வரல, வாசல்ல ஆள் சத்தம் கேட்டாலே எழுந்து ஓடறேன். நேத்து வந்த சித்தப்பாவைப் பார்த்துக் குட்டி தாத்தான்னு ஓடினா. அவர் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு, இரு கண்ணு, கழுவிட்டு வரேன்னார். குழாயடியில சோப்பு போட்டுக் கழுவினார், மறுபடியும் கழுவினார், தண்ணி ஓடிக்கிட்டே இருந்தது. வந்து துடைச்சுக்கிட்டு, நாளைக்குத் தூக்கறேன்னு சொல்லிட்டுப் படி இறங்கிட்டார்.

நீ அவருக்கு போன் பண்ணு. கோபமா ஒரு வார்த்தை வேண்டாம், சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேளு. எங்க ஆயுசையும் சேர்த்து நீ நல்லா இரு ராசா.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற,
அம்மா